ஐம்பதுக்கு மேல் அலையேற ஒரு மூன்றரை அடிப் பலகை: வீட்டு மாடியில் செய்யும் முறை

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய சர்ஃபிங் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அந்தப் படங்களைப் பார்த்த திருவொற்றியூர்க்காரருக்கும் தண்டையார்பேட்டைக்காரருக்கும் ‘இதெல்லாம் இருபது வயசுப் பசங்க வேலை’ என்றுதான் முதலில் தோன்றியிருக்கும். பலகைமேல் எழுந்து நின்று வளைந்து திரும்புவதை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அலையில் வர எழுந்து நிற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஹவாய்த் தீவுகளில் குட்டைப் பலகையில் குப்புறப் படுத்து வருவதற்கென்றே ஒரு மரபு உண்டு. அந்தப் பலகைக்குப் பைப்போ என்று பெயர். ஐம்பதிலோ அறுபதிலோ தொடங்குகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: முதல் ஆண்டு படுத்தே போங்கள், போகும் பலகையை நீங்களே செய்யுங்கள்.

ஒன்பது அடி நுரைப்பலகை வாங்கினால் அது ராயபுரத்து மாடிப்படியில் திரும்பாது, வீட்டுக்குள் கிடக்கவும் இடம் இருக்காது. மூன்றரை அடிப் பலகை பீரோவுக்குப் பின்னால் நிற்கும், ஷேர் ஆட்டோவிலும் மாநகரப் பேருந்திலும் மடியோடு வரும். இரண்டு சனி ஞாயிறில் செய்து முடித்துவிடலாம்.

ஒட்டுப்பலகை வாங்கும்போது

சைடன்ஹாம்ஸ் ரோட்டில் பிளைவுட் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கேட்க வேண்டியது 6 மி.மீ. மெரைன் பிளை. பலகையின் மேல் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்க வேண்டும். ஐ.எஸ். 303 முத்திரையுள்ளது வீட்டு அலமாரிக்கானது. ‘வாட்டர் ப்ரூஃப்தான் சார்’ என்று கடையில் சொன்னாலும் அதைக் கடலுக்கு எடுக்காதீர்கள். விளிம்பை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவில் கருப்பாக ஓட்டை தெரிந்தால் வேறு தாள் கேளுங்கள். அந்த ஓட்டையில்தான் பிறகு உப்புத்தண்ணீர் போய் உட்காரும்.

12 மி.மீ. தாள் ஒன்றை அப்படியே அறுத்தால் வேலை சுலபம்தானே என்று தோன்றும். அது வளையாது. முன்மூக்கு மேல்நோக்கி வளையாத பலகை, அலை சரிந்து இறங்கும் நேரத்தில் தண்ணீருக்குள் குத்திக்கொண்டு போகும், நீங்கள் அதற்கு மேலே பறந்து போவீர்கள். அதனால்தான் இரண்டு 6 மி.மீ. தாள்களை வளைத்த நிலையில் ஒட்டுகிறோம். பசை காய்ந்தபின் ஒரு தாள் மற்றதன் மேல் வழுக்க முடியாமல் பூட்டிக்கொள்கிறது, வளைவு அப்படியே நின்றுவிடுகிறது.

எட்டுக்கு நாலு தாள் ஒன்றில் 44 அங்குல நீளம், 19 அங்குல அகலத்தில் நான்கு துண்டு எடுக்கலாம். இரண்டு துண்டு ஒரு பலகை, ஆக ஒரு தாளுக்கு இரண்டு பலகை. நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் செலவு பாதி. துண்டின் நீளவாக்கில்தான் மேல்தோலின் மரநார் ஓட வேண்டும். குறுக்கே போட்டால் தாளிலிருந்து இன்னொரு துண்டும் கிடைக்கும், ஆனால் அந்தப் பலகை நடுவில் மடங்கும்.

முடிந்த பலகையின் அளவு 42 அங்குலம் நீளம், 18 அங்குலம் அகலம். இது ஐந்தரை அடி உயரமும் எழுபது, எண்பது கிலோ எடையும் உள்ளவருக்கு. பலகையைத் தரையில் நிமிர்த்தி நிறுத்தினால் தொப்புளுக்குச் சற்று மேலே வர வேண்டும். குள்ளமானவர் 40 அங்குலமாக்கிக்கொள்ளலாம்.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பலகை உங்களைத் தண்ணீரில் தாங்காது. நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை இருக்கும். தண்ணீரில் அது கூடுதலாகத் தூக்கிப்பிடிப்பது ஒன்றரைக் கிலோகூட வராது. அலையின் வேகம்தான் உங்களைத் தூக்குகிறது. ஆகவே இது மிதவை இல்லை. நீச்சல் தெரியாதவர் இதை நம்பி இறங்கவே கூடாது.

ரெசின்: காசிமேட்டுக்காரர்கள் கவனிக்க

ஃபைபர் படகு வேலை தெரிந்தவர்கள் காசிமேட்டில் நிறையப் பேர். அவர்கள் கைப்பழக்கம் பெரிய உதவி, ஒரு இடத்தில் மட்டும் அதுவே கெடுக்கும். படகுக்குப் போடுவது பாலியஸ்டர் ரெசின். அதில் கேட்டலிஸ்ட்டை (இறுகவைக்கும் மருந்தை) வெயிலுக்கு ஏற்றாற்போல் கூட்டலாம், குறைக்கலாம். சீக்கிரம் இறுக வேண்டுமென்றால் இரண்டு சொட்டு அதிகம் விடுவார்கள். ஒட்டவும் பூசவும் நமக்கு வேண்டியது எபாக்ஸி ரெசின். இதில் ஹார்ட்னர் என்பது ரெசினோடு சேர்ந்து பொருளாகவே மாறும் மறுபாதி. டப்பாவில் 100க்கு 30 என்றிருந்தால் 30தான், 35 ஊற்றினால் சீக்கிரம் இறுகாது, ரப்பர் போலவே நின்றுவிடும். கண்ணளவு வேண்டாம். சமையலறைத் தராசில் கிராம் கணக்காக நிறுத்துங்கள்.

ஒரு பலகைக்கு மொத்தம் அரைக் கிலோ போதும்: ஒட்டுவதற்கு 150 கிராம், இரு பக்கமும் மூன்று பூச்சுக்கு 300 கிராம், மிச்சம் விளிம்புக்கும் ஓட்டைக்கும்.

சென்னை வெயிலில் எபாக்ஸி கப்பில் நின்றாலே சூடேறும். 150 கிராமைக் கலந்து டம்ளரிலேயே வைத்துக்கொண்டு ஃபோன் பேசினால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் டம்ளர் கொதித்துப் புகையும். கலந்தவுடன் அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள், சூடு பரவி அடங்கும். கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொட வேண்டாம். எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை தோலில் வந்துவிட்டால் பிறகு போவதில்லை.

வளைத்து ஒட்டுவது

மொட்டைமாடியில் நிழலான இடம், சமமான ஒரு பழைய கதவு அல்லது மேசை. அதன்மேல் பாலித்தீன் தாள் விரியுங்கள். இதை மறந்தால் பலகையும் கதவும் ஒன்றாகிவிடும். முதல் துண்டை வைத்து, உட்பக்கத்தில் எபாக்ஸியை மெல்லியதாகப் பூசுங்கள். மீதி எபாக்ஸியில் அறுத்த மரத்தூளைக் கலந்து, இட்லி மாவை விடக் கொஞ்சம் கெட்டியாக்கி மேலே பரப்புங்கள். வெறும் எபாக்ஸியை மட்டும் போட்டால் மரம் அதைக் குடித்துவிடும், ஒட்டுக்கு எதுவும் மிஞ்சாது. இரண்டாவது துண்டைப் படுக்க வைத்து, நாலு மூலையும் நகராமல் இருக்க ஓரங்களில் (பின்னால் வெட்டி எறியப்போகும் இடத்தில்) சின்ன ஆணி அடியுங்கள்.

இப்போது வளைவு. மூக்கிலிருந்து 18 அங்குலம் பின்னால் குறுக்கே ஒரு ரீப்பர் கட்டை வைத்து, இரு பக்கமும் சி-கிளாம்ப்பால் மேசையோடு இறுக்குங்கள். மூக்கின் நுனிக்கு அடியில் இரண்டு அங்குல உயரக் கட்டை செருகுங்கள். பின்பகுதி முழுவதும் செங்கல் அடுக்குங்கள்; வளைந்த பகுதியில் மணல் மூட்டை வைத்தால் வளைவோடு ஒட்டி அழுத்தும். சுற்றிலும் பசை மெல்லியக் கோடாகப் பிதுங்க வேண்டும். ஒரு இடத்தில் பிதுங்கவில்லை என்றால் அங்கே அழுத்தம் போதவில்லை, இன்னொரு செங்கல் வையுங்கள்.

ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். எடுத்ததும் வளைவு கொஞ்சம் திரும்பும். இரண்டு தாள் ஒட்டினால் நான்கில் ஒரு பங்கு திரும்பிவிடும், ஆக இரண்டு அங்குலம் வைத்தது ஒன்றரை அங்குலத்தில் நிற்கும். நமக்கு வேண்டியதும் ஒன்றரைதான். (4 மி.மீ. தாள் மூன்று ஒட்டுகிறவர்களுக்கு ஒன்பதில் ஒரு பங்குதான் திரும்பும். கைத்திறன் உள்ளவர்களுக்கு அதுவே எங்கள் சிபாரிசு.) வளைவை இதைவிடக் கூட்ட ஆசைப்பட வேண்டாம். 6 மி.மீ. தாள் வெளித்தோலில் வெடிப்பு விடும், அப்படியே நின்றாலும் பலகை தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மெதுவாக வரும்.

வெட்டும் வடிவமும் விளிம்பும்

நியூஸ்பேப்பரை நீளவாக்கில் மடித்துப் பாதி வடிவத்தை வரைந்து வெட்டிப் பிரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வரும். மூக்கு நன்றாக உருண்டிருக்கட்டும். கூர்மூக்கு பார்க்க அழகு, அடுத்தவர் விலாவில் படும்போது தெரியும் அதன் கேடு. வால்பக்கம் நடுவில் ஒரு அங்குலம் உள்வாங்கிய பிறைபோல் வெட்டினால் இடுப்புக்கு அடக்கமாக இருக்கும். ஜிக்சாவில் கோட்டுக்கு வெளியே அறுத்து, இழைப்புளியாலும் அரத்தாலும் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

விளிம்புக்கு நேரம் கொடுங்கள், பலகை அலையில் பிடித்துப்போவது இதில்தான். மேல்விளிம்பு முழுக்கச் சுற்றி உருட்டிவிடுங்கள், உள்ளங்கையால் தடவினால் எங்கும் உறுத்தக்கூடாது. அடிவிளிம்பை மூக்கிலிருந்து வால் நோக்கி வரும்போது உருட்டலைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசி ஒரு அடியில் கூராகவே விடுங்கள். உருண்ட வால்விளிம்பில் தண்ணீர் சுற்றி மேலே ஏறி ஒட்டிக்கொள்ளும், பலகை பக்கவாட்டில் வழுக்கும். கூராக இருந்தால் தண்ணீர் அறுபட்டுப் பின்னால் போகும், திரும்பும்போது பிடி கிடைக்கும். அடியில் துடுப்பு (ஃபின்) எதுவும் வைக்காதீர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் அது உங்கள் தொடையைத்தான் முதலில் கிழிக்கும்.

பலகையைக் கையோடு பிணைக்கும் கயிற்றுக்கான துளையை மூக்கின் ஒரு மூலையில், விளிம்பிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி 10 மி.மீ. அளவில் போடுங்கள். அதில் மரத்தூள் கலந்த எபாக்ஸியை நிரப்பிக் காயவிட்டு, நடுவில் 6 மி.மீ. துளை போடுங்கள். இப்போது கயிறு உரசுவது எபாக்ஸியில், மரத்தில் இல்லை. நேராகத் துளையிட்ட பலகைகள் எல்லாம் அந்த இடத்தில்தான் முதலில் ஊறிப் பிரிகின்றன. சுருள்கயிறு வாங்கிப் புஜத்தில் மாட்டுங்கள். வலை நரம்பை மணிக்கட்டில் கட்டவே வேண்டாம், அலை இழுக்கும்போது கையை அறுக்கும்.

பூச்சு

80, 120, 220 என்ற வரிசையில் உப்புத்தாள் போட்டு, ஈரத்துணியால் தூசி துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் எபாக்ஸி மூன்று பூச்சு. விளிம்புகளுக்கு நான்கு. பூச வேண்டிய நேரம் மாலை, வெயில் தணிந்து மரம் குளிரத் தொடங்கும்போது. காலையில் பூசினால் ஏறும் வெயிலில் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும், பூச்சு முழுக்கக் கடுகு சிதறியதுபோல் குமிழி எழும். மாலையில் மரம் குளிரும்போது அந்தக் காற்று சுருங்கி எபாக்ஸியை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் காய்ந்த எபாக்ஸிமேல் மெழுகுபோல் ஒரு பிசுபிசுப்பு படியும். அதன்மேல் அடுத்த பூச்சைப் போட்டால் உரிந்து வரும். தண்ணீரும் ஸ்க்ரப்பரும் போட்டுக் கழுவி, காயவிட்டு, லேசாக உப்புத்தாள் தேய்த்துவிட்டுப் பூசுங்கள். எபாக்ஸி வெயிலைத் தாங்காது. மஞ்சளாகி மாவுபோல் உதிரும். அதனால் கடைசியாக வெளிப்புறத்துக்கான பி.யூ. (பாலியூரித்தேன்) வார்னிஷ் இரண்டு பூச்சு வேண்டும்.

கை பிடிக்கும் முன்பகுதியில் வழுக்காமல் இருக்க, கடைசி வார்னிஷ் ஈரமாக இருக்கும்போது தூள் உப்பைத் தூவி, காய்ந்ததும் தண்ணீரில் கழுவிவிடுங்கள். உப்பு கரைந்துபோய்ச் சின்னச் சின்னக் குழிகள் மட்டும் நிற்கும், பிடி கிடைக்கும். கடற்கரை மணலைத் தூவினால் அது நிரந்தரமாக ஒட்டி, நெஞ்சுத்தோலை உரித்துவிடும்.

தெர்மாகோல் பலகை பற்றி ஒரு எச்சரிக்கை

இந்தப் பலகை கைவந்ததும் ஒன்பது அடிப் பலகை செய்ய ஆசை வரும். அளவு சொல்லிவிடுகிறோம்: 9 அடி நீளம், 23 அங்குல அகலம், மூன்றேகால் அங்குலத் தடிமன். நடுவில் மரப்பட்டை வைத்த தெர்மாகோல், மேலே ஃபைபர் துணி. சாதாரண பேக்கிங் தெர்மாகோல் அமுங்கிவிடும். குளிர்பதனக் கிடங்குக் காப்புக்குப் போடும் கெட்டி ரகத்தைக் கேளுங்கள். ஆனால் படகுப் பட்டறை ரெசினை அதன்மேல் ஊற்றிவிடாதீர்கள். பாலியஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், கண்ணெதிரே குழி விழுந்து உள்ளே இறங்கும். பட்டறையில் கிடைக்கும் ‘மேட்’ என்ற நெய்யாத ஃபைபர் விரிப்பும் எபாக்ஸிக்கு ஆகாது. அதன் நாரைச் சேர்த்துப்பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்ஸியில் விறைத்தபடியே நிற்கும். நெய்த துணிதான் வேண்டும், சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ளது. மேல்பக்கம் இரண்டு அடுக்கு, அடிப்பக்கம் ஒன்று.

எங்கே இறங்குவது

பலகையை வடசென்னையில் செய்யுங்கள், கடலில் பழகுவது வேறு இடத்தில். சொந்தக் கடற்கரையில் இறங்க முடியாமல் போவது நமக்கும் வருத்தம்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகம் எழுந்தபிறகு, தெற்கிலிருந்து வடக்கே ஓடும் மணல் அங்கேயே தடைபட்டது. மெரினா அகன்றது, ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை கரைந்தது. இன்று அங்கே நிற்பவை கருங்கல் சுவர்களும், கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளும். தூண்டில் வளைவின் ஓரமாகத் தண்ணீர் கடலை நோக்கி இழுத்துக்கொண்டு ஓடும், தப்பித்து நீந்தினாலும் போய் மோதுவது கல்லில். மழைக்குப்பின் எண்ணூர் முகத்துவாரப் பக்கம் தண்ணீரும் நல்லதில்லை. 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் அங்கே எண்ணெய் படர்ந்தது ஊரறிந்தது.

கோவளம் போங்கள். திருவொற்றியூரிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். அங்கே பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. முதல் நாலைந்து தடவை பயிற்றுநர் இல்லாமல் இறங்காதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை அலை சிறியது, தொடங்குவதற்கு ஏற்ற காலம். காலை ஆறு முதல் எட்டரை வரை, கடற்காற்று எழுவதற்கு முன். வாடைக்காலத்தில் வேண்டாம், துறைமுகத்தில் கூண்டு ஏற்றிய நாளில் கரைப்பக்கமே வேண்டாம். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிலையம் ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை விடுத்த நாட்களில் காற்றே இல்லாமல் அமைதியாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள், அந்த அலை வெகுதூரத்துப் புயலிலிருந்து வருகிறது. எந்த ஊர்க் கரையானாலும், வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம் ‘அண்ணே, இன்னிக்கு வெள்ளம் எந்தப் பக்கம் இழுக்குது?’ என்று கேட்டுவிட்டு இறங்குங்கள் (வெள்ளம் என்பது இங்கே நீரோட்டம்). அவர் கை காட்டும் திசை, ஃபோனில் பார்க்கும் வரைபடத்தைவிட அன்றைய கடலுக்கு நெருக்கமானது.

உடம்பு

இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் இறங்க வேண்டாம். கண்புரை அறுவை சிகிச்சை செய்து சில வாரம்தான் ஆகிறதென்றால் கடல் காத்திருக்கட்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது சகஜம், கை தலைக்கு மேல் நேராகப் போகாவிட்டால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ஒரு மாதம் முன்பே பாயில் குப்புறப் படுத்து, இரு கையையும் முன்னே நீட்டி, நெஞ்சை நான்கு விரல் உயரம் மட்டும் தூக்கிப் பத்து எண்ணும்வரை நிறுத்திப் பழகுங்கள். எட்டு முறை போதும். இதற்குமேல் முதுகை வில்லாக வளைக்க வேண்டாம். பலகைமேல் வெகுநேரம் முதுகை வளைத்தபடி கிடக்கும் புதியவர்களுக்கு, அபூர்வமாக, தண்டுவடத்துக்கு இரத்தம் போவது தடைபடுகிறது. பத்து நிமிடத்துக்கொரு தடவை எழுந்து நில்லுங்கள். திடீர் முதுகுவலியோடு கால் மரத்தாலோ பலமிழந்தாலோ அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் அலை

கரையில் நின்று முதலில் பத்து நிமிடம் கடலைப் பாருங்கள். பெரிய அலைகள் நாலைந்தாகக் கூட்டமாக வந்து, பிறகு கொஞ்ச நேரம் அடங்கும். கட்டுமரக்காரர்கள் கரையை விட்டுத் தள்ளியது அந்த அடங்கல் நேரம் பார்த்துத்தான். அலை ஒரேயடியாகக் கவிழ்ந்து கரைமணலிலேயே அறையும் இடத்தில் இறங்காதீர்கள், கழுத்தெலும்பு முறிவது அங்கேதான்.

நமக்கு உடைந்த வெள்ளை நுரை போதும். இடுப்பளவுத் தண்ணீரில் கரையைப் பார்த்து நின்று, தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள். பலகையின் வால் அடிவயிற்றில், இரு கைகளும் மூக்கின் மூலைகளில். நுரை ஒரு ஆள் நீளத்துக்கு வந்ததும் தரையை உதைத்து முன்னால் பாயுங்கள். தாமதமாகப் பாய்ந்தால் நுரை உங்களைத் தாண்டிப்போகும், முந்திப் பாய்ந்தால் வேகம் செத்துவிடும். கால்கள் நீட்டிச் சேர்ந்திருக்கட்டும், முழங்கை பலகைமேல். மூக்கு குத்தினால் இரண்டு அங்குலம் பின்னால் சரியுங்கள். இழுவையாக நின்றுவிட்டால் முன்னால் வாருங்கள். திரும்ப வேண்டிய பக்கத்து முழங்கையை அழுத்தி, அந்தக் காலைத் தண்ணீரில் இழையவிடுங்கள்.

முழங்கால் அளவுத் தண்ணீருக்கு வருமுன் பக்கவாட்டில் உருண்டு இறங்கிவிடுங்கள். மணல்வரை போய் முடிக்கும் ஆசையில்தான் காயங்கள் நேர்கின்றன: மூக்கு மணலில் குத்தி நிற்கும், பலகை விலாவில் ஏறும். இதனால்தான் பலகையை நெஞ்சோடு கட்டிப்பிடிக்காமல் மூலையில் பிடிக்கச் சொல்கிறோம். முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள், சொறிமீனுக்கும் வெயிலுக்கும் அதுவே காப்பு.

கடலை நோக்கி ஓடும் நீரின் இழுவையில் மாட்டினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். கரைக்கு இணையாக நகருங்கள், இழுவை விட்டபின் உள்ளே வாருங்கள். கையைத் தூக்கி ஆட்டுங்கள். பலகையை விடவேண்டாம், தாங்காவிட்டாலும் தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியும்.

வீடு வந்ததும் பலகையை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் நிறுத்திவைத்துக் காயவிடுங்கள், மாடி வெயிலில் படுக்கப்போட வேண்டாம். விளிம்பை ஒவ்வொரு தடவையும் விரலால் தடவிப் பாருங்கள். பூச்சுக்கு அடியில் தேநீர்க் கறைபோல் கருத்துத் தெரிந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அந்த இடத்தை வெறும் மரம் தெரியும்வரை சுரண்டி, ஒரு வாரம் உலரவிட்டு, பிறகுதான் எபாக்ஸி வைக்க வேண்டும். ஈரத்தின்மேல் அவசரமாக மூடினால், அடுத்த மாதம் அதே இடம் அப்பளமாக உப்பும்.